டி செல் செயலில் இறங்க ஓர் ஏற்பி ஏன் போதாது?

கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவின் ஏற்பி (செல் பரப்பில் பிற மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதம்) தனக்குரிய ஆன்டிஜெனை, அதாவது தான் குறிவைக்கும் பொருளை, அத்தனை துல்லியமாக இனம் காண்கிறது என்றால், செல் செயலில் இறங்க அது ஒன்றே போதாதா? சிடி28, சிடி2, எல்எஃப்ஏ-1 என்று இத்தனை ஏற்பிகள் எதற்கு? பாடநூலில் ‘முதல் சமிக்ஞை, இரண்டாம் சமிக்ஞை’ என்று போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடும் போலத் தோன்றுகிறது, ஆனால் ஆசிரியர் ‘இது வெறும் கூட்டல் இல்லை’ என்றார், அது பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது இந்த இரண்டாவது பகுதிதான் என்று நினைக்கிறேன். இந்த ஏற்பிகள் ஒரே வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றனவா, அல்லது ஆளுக்கொரு வேலையா? ஆளுக்கொரு வேலை என்றால், அவ்வளவும் எந்த இடத்தில் வந்து ஒன்றுசேர்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் அந்தப் படத்தை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

பெங்களூரில் ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மனித டி செல்களைப் பிரித்து, வளர்த்து, எண்ணி வந்தவன் நான். இப்போது தர்மபுரியில் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறேன். மருத்துவன் அல்ல. ஆகவே ஆய்வகத்தில் செல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தயங்காமல் சொல்வேன். மருந்துகளின் பெயர் வரும் இடங்களில், அவை நமக்குச் செல்லைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்தன என்பதோடு நிறுத்திக்கொள்வேன்; யாருக்கு எது ஏற்றது என்பது சிகிச்சை அளிப்பவரின் பொறுப்பு.

முதலில் டி செல் ஏற்பியின் பலவீனத்தைப் புரிந்துகொள்ளுங்கள். துல்லியம் வேறு, பிடிமானம் வேறு. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தன் ஆன்டிஜெனைப் பிடித்தால் நெடுநேரம் விடாது. டி செல் ஏற்பி அப்படியல்ல. பெரும்பாலும் சில நொடிகளில் விட்டுவிடும். அது பிடிப்பதும் முழு ஆன்டிஜெனை அல்ல, செல்களின் பரப்பில் இருக்கும் எம்எச்சி என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்துக் காட்டப்படும் சிறு பெப்டைடுத் துணுக்கை (புரதத் துண்டை). நோய்க்கிருமியின் துணுக்கையும் நம் சொந்த எம்எச்சியையும் ஒருசேரப் பார்த்தால்தான் டி செல்லுக்குத் தெரியும் என்பதை ரால்ஃப் ஸிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கண்டு 1974-ல் வெளியிட்டார்கள். 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. துணுக்கைக் காட்டும் செல்லின் மேல் இருக்கும் எம்எச்சி மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை நம் சொந்தப் புரதங்களின் துணுக்குகளையே ஏந்தி நிற்கின்றன. கிருமியின் துணுக்கு அவற்றிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அப்படிப் பத்துத் துணுக்குகள் இருந்தாலே டி செல் தூண்டப்பட்டதன் அடையாளமாக அதற்குள் கால்சியம் உயர்ந்து நிலைத்து நிற்பதை 2002-ல் நுண்ணோக்கி வழியே காட்டிவிட்டார்கள். இவ்வளவு கூர்மையான உணர்வு உள்ள செல், தவறான இடத்தில் ஒருமுறை கிளம்பிவிட்டால் சொந்த உடம்பையே தாக்கும். குறைவான துணுக்குக்கும் அசைய வேண்டும், அதே சமயம் தப்பாக அசையவே கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே ஏற்பியால் நிறைவேற்ற முடியாது. மற்ற ஏற்பிகள் வருவது இதற்காகத்தான்.

அவற்றில் முதல் வேலை, டி செல்லையும் அதற்குத் துணுக்கைக் காட்டும் எதிர்ச் செல்லையும் நெருக்கமாக நிறுத்துவது. பாடநூல்கள் இதை ‘ஒட்டுதல்’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் மனித டி செல்லில் கதையின் பாதி இங்கேதான் நடக்கிறது. எல்எஃப்ஏ-1 என்பது இன்டெக்ரின் வகை. சும்மா இருக்கும் டி செல்லில் அது மடங்கிய நிலையில் இருக்கும், எதையும் உறுதியாகப் பிடிக்காது. டி செல் ஏற்பியிலிருந்து சிறிதளவு சமிக்ஞை உள்ளே போனதும், உள்ளிருந்து வரும் உத்தரவால் எல்எஃப்ஏ-1 நிமிர்ந்து, எதிர்ச் செல்லின் ஐகேம்-1 மூலக்கூறை இறுகப் பற்றும். பற்றியதும் இரு செல்களும் சேர்ந்திருக்கும் நேரம் நீள்கிறது. டி செல் ஏற்பிக்கு மேலும் மேலும் துணுக்குகளைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, அது திரும்ப முதலாவதுக்கு உதவுகிறது. கூட்டல் கணக்கு இங்கேயே உடைந்துவிடுவதைக் கவனியுங்கள்.

சிடி2 இன்னும் நுட்பமானது. மனிதர்களில் அது எதிர்ச் செல்லின் சிடி58-ஐப் பிடிக்கிறது. அந்த இணை நிற்கும்போது இரு செல் சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 15 நானோமீட்டர். டி செல் ஏற்பி தன் துணுக்கைப் பிடித்து நிற்கும்போதும் ஏறக்குறைய அதே இடைவெளிதான். சிடி45 என்ற இன்னொரு பரப்புப் புரதம் இவற்றைவிட நெட்டை. அந்த இடுக்கில் அதனால் நிற்க முடியாமல் வெளியே தள்ளப்படுகிறது. போச்சம்பள்ளி சந்தையில் ஆடு வாங்குபவரும் தரகரும் துண்டுக்குள் கைகோத்து, விரலை அழுத்தி விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களின் கை உள்ளே நுழைய முடியாததால்தான் அந்தப் பேச்சு கலையாமல் நடக்கிறது. சிடி45 வெளியே போவதும் அவ்வளவு முக்கியம். டி செல் ஏற்பியின் வால்பகுதிகளில் எல்சிகே என்ற நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. சிடி45 அதைக் கழற்றுகிறது. கழற்றுபவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஏற்றப்பட்ட பாஸ்பேட் நிலைக்கும். ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3 சங்கிலிகளில் இப்படி பாஸ்பேட் ஏற்றுவதற்கென்றே அமைந்த பகுதிகள் மொத்தம் 10. அவற்றில் ஏறியதும் ஜாப்-70 என்ற அடுத்த நொதி வந்து அமர்கிறது, சமிக்ஞை உள்நோக்கி ஓடத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தொடர்பு ஏற்பட்ட இடத்திலிருந்து சிடி45 விலகுவது கண்ணால் பார்க்கப்பட்டது, சந்தேகமில்லை. எல்சிகே, ஜாப்-70 ஆகியவற்றின் பங்கும் அப்படியே. ஜாப்-70 மரபணுவில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்குக் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு வருவது 1994 முதல் தெரிந்த செய்தி. ஆனால் அந்த முதல் தூண்டுதல் சிடி45 விலகுவதாலேயே வருகிறதா, ஏற்பியின் வடிவம் இழுவிசையால் மாறுவதால் வருகிறதா, பல ஏற்பிகள் கூடிக் கொத்தாவதால் வருகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒருமனதாக இல்லை. மூன்றுக்கும் சான்றுகள் இருக்கின்றன. என் கணிப்பு, இவை ஒன்றையொன்று விலக்கும் விளக்கங்கள் அல்ல என்பது. ஆனால் இது கணிப்புதான், தேர்வில் முடிந்த முடிவாக எழுதிவிடாதீர்கள்.

இனி சிடி28. டி செல் ஏற்பி தருவது முதல் சமிக்ஞை என்றால், பாடநூல் ‘இரண்டாம் சமிக்ஞை’ என்று காட்டுவது இது தருவதைத்தான். இதைப் புரிந்துகொள்ள 1987-ல் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்டு ஷ்வார்ட்ஸும் செய்த சோதனைக்கு வர வேண்டும். ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை ஒரு வேதிப்பொருளால் பதப்படுத்தி, டி செல்களிடம் கொடுத்தார்கள். பதப்படுத்திய செல்லிலும் எம்எச்சி இருக்கிறது, துணுக்கு இருக்கிறது. டி செல் ஏற்பி பிடிக்க வேண்டியது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் டி செல்கள் பெருகவில்லை. பெருகாதது பெரிய செய்தி அல்ல. பிறகு நல்ல, பதப்படுத்தாத செல்களைக் கொடுத்தபோதும் அந்த டி செல்கள் அசையவில்லை என்பதுதான் பெரிய செய்தி. துணை இல்லாமல் வந்த முதல் சமிக்ஞை வெறுமனே வீணாகவில்லை. அது செல்லை முடக்கிப் போட்டது. இந்த முடங்கிய நிலைக்கு அனர்ஜி என்று பெயர். சிடி28 வழியாகத் துணை சேர்த்தால் இந்த முடக்கம் வருவதில்லை என்று அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஆகவே சிடி28-ன் வேலை சத்தத்தைக் கூட்டுவது மட்டும் அல்ல. அதே டி செல் ஏற்பிச் சமிக்ஞைக்கு அது வேறு பொருள் கொடுக்கிறது.

எதிர்ச் செல்லில் சிடி28 பிடிக்கும் மூலக்கூறுகள் சிடி80, சிடி86. இவை எல்லாச் செல்களிலும் எப்போதும் இருப்பவை அல்ல. டி செல்லுக்குத் துணுக்கைக் காட்டுவதை முக்கிய வேலையாகக் கொண்ட டென்ட்ரைட்டிக் செல் கிருமியின் அடையாளத்தை உணர்ந்தால்தான் இவற்றைத் தன் பரப்பில் ஏராளமாக ஏற்றும். ‘இது என்ன துணுக்கு’ என்ற கேள்விக்கு டி செல் ஏற்பி விடை சொல்கிறது. ‘இது வந்த இடத்தில் ஆபத்து இருந்ததா’ என்ற கேள்விக்கு சிடி28 விடை சொல்கிறது. இரண்டு கேள்விகளும் வேறுவேறு.

அவை எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதற்கு வருகிறேன்; உங்கள் ஆசிரியர் சொன்னதன் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. டி செல் பெருக, அது தானே சுரக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிப் புரதம் வேண்டும். அதன் மரபணுவின் முன்பகுதியில் என்ஃபேட், ஏபி-1, என்எஃப்-கப்பா பி என்று பல புரதங்கள் வந்து அமர வேண்டும். டி செல் ஏற்பி கால்சியத்தை உயர்த்துகிறது. கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை இயக்குகிறது. அது என்ஃபேட்டை உட்கருவுக்குள் அனுப்புகிறது. ஏபி-1, என்எஃப்-கப்பா பி இரண்டுக்கும் வேறு பாதைகள். அவற்றுக்குப் போதிய வலு கிடைக்க சிடி28-ன் உதவி தேவைப்படுகிறது. என்ஃபேட்டும் ஏபி-1-ம் மரபணுவில் அருகருகே அமர்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன; தனித்தனியே இரண்டுக்கும் பிடிப்பு குறைவு. இதற்கு மேல், சிடி28 சமிக்ஞை இன்டர்லூக்கின்-2-ன் தூது ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமலும் காக்கிறது. எழுதப்படும் படிகளும் கூடுகின்றன, ஒவ்வொரு படியும் நீடிக்கும் நேரமும் கூடுகிறது. இரண்டையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். கூட்டல் பெருக்கலாக மாறுவதில் மர்மம் எதுவும் இல்லை. மறுபக்கம், ஏபி-1 துணையில்லாமல் என்ஃபேட் மட்டும் உட்கருவுக்குள் போனால் அது வேறு மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. செல்லை அனர்ஜிக்குத் தள்ளுபவை அவைதான். ஜென்கின்ஸ், ஷ்வார்ட்ஸ் கண்ட முடக்கத்துக்கு மூலக்கூறு மட்டத்தில் கிடைத்த விளக்கம் இது.

இதை ஆய்வகத்தில் சுத்தமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. பரப்பு ஏற்பிகள் எதையும் தொடாமல் இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அயனோமைசின் கால்சியத்தை மட்டும் உயர்த்தும். பிஎம்ஏ, புரோட்டீன் கைனேஸ் சி வழியாக மற்ற பாதைகளைத் திறக்கும். ஒன்றை மட்டும் சேர்த்தால் இன்டர்லூக்கின்-2 கொஞ்சமே வரும். இரண்டையும் சேர்த்தால் கொட்டும். ஏற்பிகளின் கூட்டு உள்ளே எந்த இரண்டு நீரோட்டங்களாக மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

செய்முறையில் அடிக்கடி குழப்பும் இன்னொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நாளை நீங்கள் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதைச் சந்திப்பீர்கள். ரத்தத்தை, செல்களை அடர்த்தியால் பிரிக்கும் ஃபைக்கால் கரைசலின் மேல் மெதுவாக அடுக்கிச் சுழற்றினால், நடுவில் மெல்லிய வெண் வளையமாக நிணநீர்ச் செல்களும் (டி, பி செல்கள் அடங்கிய வகை) மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களும் சேர்ந்து நிற்கும். அவற்றை அப்படியே 96 குழித் தட்டில் இட்டு, சிடி3-க்கு எதிரான ஆன்டிபாடியைக் கரைசலாகச் சேர்த்தால் டி செல்கள் நன்றாகப் பெருகும். மறுநாளே குழியின் அடியில் செல்கள் குலைகுலையாகத் திரண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் சிவந்த வளர்ப்புநீர் மஞ்சளுக்குத் திரும்பும். அதே ஆன்டிபாடியை, மோனோசைட்டுகளை நீக்கித் தூய்மையாக்கிய டி செல்களில் சேர்த்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. மாணவர்கள் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுக் குப்பி திறப்பார்கள். கெடவில்லை. முதல் குழியில் மோனோசைட்டுகள் அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து நிறுத்தி, சிடி80, சிடி86 வழியாக சிடி28-க்கும் துணை கொடுத்துக்கொண்டிருந்தன. ‘ஒரே ஏற்பியைத் தூண்டினேன்’ என்று நாம் எழுதும் சோதனையில் உண்மையில் பல ஏற்பிகள் வேலை செய்திருக்கும். தூய டி செல்களுக்கு, சிடி3, சிடி28 இரண்டுக்குமான ஆன்டிபாடிகள் பூசிய சிறு மணிகளைக் கொடுத்தால் குலைகள் திரும்ப வருகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான டி செல்களைப் பெருக்கவும் இத்தகைய மணிகளே பரவலாகப் பயன்படுகின்றன.

செயல்திறன் பார்க்கும் சோதனைக்கு ரத்தம் எடுப்பவர்களிடம் நான் தவறாமல் சொல்வது: குழாயை ஐஸில் வைக்காதீர்கள். தர்மபுரியிலிருந்து பெங்களூர் போகும் சில மணி நேரத்தில் கெட்டுப்போய்விடும் என்று அக்கறையோடு ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். குளிர்ந்த ரத்தத்தில் டி செல்கள் பிரிவதும் குறைகிறது, தூண்டினால் எழுவதும் குறைகிறது. அறை வெப்பத்தில், வெயில் படாமல் வந்தால் போதும்.

தூண்டும் ஏற்பிகளைப் பற்றி மட்டும் பேசினால் படம் முழுமையாகாது. சிடிஎல்ஏ-4 என்ற தடை ஏற்பி, சிடி28 பிடிக்கும் அதே சிடி80, சிடி86 மூலக்கூறுகளை, அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. பிடிப்பதோடு நிற்காமல், எதிர்ச் செல்லின் பரப்பிலிருந்து அவற்றைப் பிய்த்துத் தன் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. இது 2011-ல் காட்டப்பட்டது. இந்த ஏற்பி இல்லாத எலிக்குட்டிகள் மூன்று, நான்கு வாரங்களிலேயே கட்டுக்கடங்காத டி செல் பெருக்கத்தால் இறந்துபோவதை 1995-ல் கண்டார்கள். மனிதர்களில் இதன் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே தன்னுடல் தாக்கு நோய்கள் வரக்கூடும். பிடி-1 இன்னொரு தடை ஏற்பி. இந்த இரண்டையும் தடுத்துப் புற்றுநோய்க்கு எதிராக டி செல்களை விடுவிக்கலாம் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பிடி-1 முக்கியமாக எதை அணைக்கிறது என்பது மட்டும் விவாதத்தில் இருக்கிறது. டி செல் ஏற்பியைவிட சிடி28-ஐத்தான் அது அதிகம் அணைக்கிறது என்று 2017-ல் வந்த ஆய்வு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டையுமே அணைக்கிறது என்று பின்னர் வந்தவை சொல்கின்றன.

எலியை வைத்து எழுதிய பாடத்தை மனிதருக்கு அப்படியே பொருத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2006 மார்ச்சில் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில், டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை உடல்நலமுள்ள ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். அது சிடி28-ஐத் தனியாகவே, டி செல் ஏற்பியின் ஆன்டிஜென் இல்லாமலே, பலமாகத் தூண்டும் வகை. குரங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (நோயெதிர்ப்புச் செல்களின் தூதுப் புரதங்கள் கட்டுக்கடங்காமல் சுரக்கும் நிலை) தொடங்கி, பல உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்றாலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னர் கிடைத்த விளக்கம் இது: மனிதர்களில் நினைவாற்றல் பெற்ற, உடனே தாக்கக்கூடிய சிடி4 டி செல்கள் சிடி28-ஐ வைத்திருக்கின்றன, சோதனைக்கு எடுத்த குரங்கினத்தில் அதே வகைச் செல்கள் சிடி28-ஐ இழந்துவிட்டிருந்தன. ‘இரண்டாம் சமிக்ஞை தனியாக வந்தால் ஒன்றும் ஆகாது’ என்ற பாடநூல் வரியை வாசிக்கும்போதெல்லாம் இந்த ஆறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். இயற்கையான சிடி80, சிடி86-க்கு அந்த வரி பொருந்தும். எல்லா ஆன்டிபாடிக்கும் பொருந்தாது.

எதிர்த்திசையில் ஒரு செய்தியும் உண்டு. பிறவியிலேயே சிடி28 இல்லாத மனிதர்கள் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டு, அது 2021-ல் வெளியானது. இரண்டாம் சமிக்ஞை பற்றிப் படித்த எவரும் அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகளுக்குப் பலியாகியிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவர்களுக்கு இருந்த பெரிய தொல்லை, பாப்பிலோமா வைரஸால் வரும் மருக்கள். ஒருவருக்கு அவை உடலில் கொம்பு போல வளர்ந்திருந்தன. மற்றபடி பெரும்பாலான கிருமிகளைச் சமாளித்தார்கள். சிடி28 முக்கியம், ஆனால் மனித உடம்பு அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. சிடி2, ஐகாஸ், 4-1பிபி போன்ற மற்றத் துணை ஏற்பிகள் அந்த இடத்தை எந்த அளவுக்கு நிரப்புகின்றன என்பது இன்னும் அளந்து முடியாத கேள்வி. சிடி2 அதில் முன்வரிசையில் இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. எலிக்கு சிடி58 கிடையாது. அங்கே சிடி2 பிடிப்பது வேறொரு புரதத்தை, அதுவும் தளர்வாக. ஆகவே எலியில் சிடி2-ஐ நீக்கிப் பார்த்தவர்கள் பெரிய விளைவைக் காணாததில் வியப்பில்லை. மனிதர்களில், பி செல் லிம்போமா வகைப் புற்றுநோய்ச் செல்கள் பல நேரங்களில் சிடி58-ஐ மறைத்தோ இழந்தோ டி செல்லிடமிருந்து தப்புகின்றன. தப்பிக்க அதைத் தேர்ந்து இழக்கின்றன என்றால் அது அற்பமான மூலக்கூறாக இருக்க முடியாது.

மருந்துகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. சிடி80, சிடி86-ஐ மூடும் பெலட்டாசெப்ட் என்ற மருந்து சிறுநீரக மாற்றுக்காக 2011-ல் அனுமதி பெற்றது. நெடுநாள் நோக்கில் சிறுநீரகம் நன்றாக இயங்கியது. ஆனால் கால்சிநியூரினைத் தடுக்கும் பழைய மருந்தைவிட, தொடக்க மாதங்களில் நிராகரிப்பு அதிகம் தென்பட்டது. ஏற்கெனவே ஒருமுறை ஆன்டிஜெனைப் பார்த்துப் பழகிய நினைவு டி செல்களுக்கு சிடி28 துணை அவ்வளவாகத் தேவையில்லை என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எல்எஃப்ஏ-1-ஐத் தடுத்த எஃபாலிசுமாப் என்ற மருந்து சொரியாசிஸுக்கு நன்றாக வேலை செய்தும், மூளையைத் தாக்கும் ஓர் அரிய வைரஸ் நோய் சிலருக்கு வந்ததால் 2009-ல் திரும்பப் பெறப்பட்டது. டி செல்கள் மூளைக்குள் போய்க் காவல் காக்கவும் அந்த ஒட்டுதல் வேண்டியிருக்கிறது. டி செல்களில் செயற்கை ஏற்பியைப் பொருத்திப் புற்றுநோய்க்கு எதிராகச் செலுத்தும் கார்-டி சிகிச்சையின் முதல் தலைமுறையில் சிடி3-ன் ஸீட்டா வாலை மட்டும் வைத்துத் தைத்தார்கள். செல்கள் உடம்பில் நிலைக்கவில்லை. அதோடு சிடி28 அல்லது 4-1பிபி வாலையும் ஒட்டிய பிறகுதான் 2017-ல் இரண்டு சிகிச்சைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19-லும் இருப்பது 4-1பிபி வால். ஒரே ஏற்பி போதுமா என்ற உங்கள் கேள்விக்கு நோயாளிகளின் உடம்பே பதில் சொன்ன இடம் இது.

ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரங்களில் குழந்தைக்குப் போடும் பென்டாவேலன்ட் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெட்டனஸ், டிப்தீரியா நச்சுகளின் செயலிழந்த வடிவங்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் தனியே தூய்மையாக்கிப் போட்டால் எதிர்ப்பு மிகக் குறைவாகவே வரும். துணுக்கு கிடைக்கும், டென்ட்ரைட்டிக் செல்லுக்கு ஆபத்தின் அடையாளம் கிடைக்காது. அதற்காகவே அலுமினிய உப்பு சேர்க்கிறார்கள். கூடவே கொல்லப்பட்ட கக்குவான் இருமல் பாக்டீரியா முழுதாக இருக்கிறது, அதுவும் அந்தப் பணியைச் செய்கிறது. தடுப்பூசியில் ஏன் இப்படி ஏதாவது கலக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியைத்தான் சார்லஸ் ஜேன்வே 1989-ல் வெளிப்படையாக எழுப்பி, கிருமியை உணரும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார். அலுமினிய உப்பு 1926 முதல் பயன்பாட்டில் இருந்தும், அது எந்த வழியில் தூண்டுகிறது என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. பயன் உறுதி, வழி உறுதியில்லை.

கல்லூரியில் ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) இல்லை, இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழியில்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஒரு ஏற்பியையாவது பார்க்கலாம். ரத்த அகார் தயாரிக்க உங்கள் ஆய்வகத்தில் செம்மறி ஆட்டு ரத்தம் இருக்கும். செம்மறியின் சிவப்பணுக்களில் இருக்கும் சிடி58-ன் இணை மூலக்கூறு மனித சிடி2-வோடு நன்றாகப் பொருந்துகிறது. 1970-களில் மனித டி செல்களை எண்ண உலகமெங்கும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஃபைக்காலில் பிரித்த நிணநீர்ச் செல்களையும், மூன்று முறை உப்புநீரில் கழுவி ஒரு சதவீத அளவில் கலக்கிய செம்மறிச் சிவப்பணுக்களையும் சம அளவில் சேர்த்து, மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் குழாயைக் குலுக்காமல், இலேசாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் பாருங்கள். மூன்றோ அதற்கு மேலோ சிவப்பணுக்கள் சுற்றி ஒட்டிய நிணநீர்ச் செல் டி செல். ஒன்றும் ஒட்டாமல் நிற்பவற்றில் பி செல்கள் இருக்கும். நலமான பெரியவரின் ரத்தத்தில் நிணநீர்ச் செல்களில் பாதிக்கு மேல் இப்படி ஒட்டியிருக்கும். வேகமாகக் குலுக்கினால் எல்லாம் உதிர்ந்துவிடும், ஏனென்றால் சிடி2-ன் பிடியும் தனித்தனியே தளர்வானதுதான். பல சேர்ந்துதான் தாங்குகின்றன. மனித ரத்தத்தைக் கையாளுவதால் ஆசிரியரின் மேற்பார்வையும், கையுறையும், ரத்தம் தருபவரின் சம்மதமும் கட்டாயம். சிடி2-க்கு எதிரான ஆன்டிபாடி கொஞ்சம் கிடைத்தால், செல்களை முதலில் அதில் ஊறவைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்து, ஒட்டியவற்றின் எண்ணிக்கை எவ்வளவு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.